இதயம் நிரம்பும் நேரம்

எக்கோ பரிசோதனை முடிந்து, நெஞ்சில் தடவிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டே எழுந்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பம்பிங் எவ்வளவு இருக்கு?" அறிக்கையில் 60 என்றோ 65 என்றோ இருந்தால் முகம் மலர்கிறது, 35 என்றால் வீடே கலங்கிப்போகிறது. எக்கோ எடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தக் கேள்வி மீது எந்த மனத்தாங்கலும் இல்லை. இதயத்தைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சொல்வது இதயத்தின் வேலையில் பிற்பாதியை மட்டுமே. இதயம் எவ்வளவு இரத்தத்தை, எவ்வளவு எளிதாக, எவ்வளவு நேரத்தில் தனக்குள் வாங்கிக்கொள்கிறது என்னும் முற்பாதி அந்த எண்ணில் தெரிவதில்லை. மூச்சு வாங்குகிறது என்று வருபவர்களில் பலருக்குக் கோளாறு அந்த முற்பாதியில்தான் இருக்கிறது.

பம்பிங் என்று நாம் சொல்லும் அந்த விழுக்காடு எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஓய்வாக இருக்கும் நலமான ஒருவரின் இடது கீழறையில், அது சுருங்கத் தொடங்கும் முன், சுமார் 120 மில்லி இரத்தம் நிறைந்திருக்கும். சுருங்கி முடித்த பிறகு 50 மில்லி மிச்சமிருக்கும். வெளியேறியது 70 மில்லி. 120-இல் 70 என்பது ஏறத்தாழ 58 விழுக்காடு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4,900 மில்லி, அதாவது கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். உடல் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஒவ்வொரு லிட்டர் இரத்தமும் சுற்றி வரும்போது சுமார் 50 மில்லி ஆக்சிஜனை இறக்கிவிட்டு வருகிறது. ஆகவே ஐந்து லிட்டர் ஓடியாக வேண்டும். அடோல்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் 1870-இல் முன்வைத்த இந்தக் கணக்கைக் கொண்டுதான் இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தத்தின் அளவைப் பின்னாளில் மனிதர்களிடம் அளந்தார்கள். உடல் கேட்பது அந்த ஐந்து லிட்டரை. 58 என்ற விழுக்காட்டை எந்த உறுப்பும் கேட்பதில்லை.

இப்போது வேறு இரண்டு இதயங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, சுவர் தடித்து, உள்ளறை சிறுத்துப்போன இதயம். அதில் 75 மில்லிதான் நிரம்புகிறது. 48 மில்லியை வெளியே தள்ளுகிறது. பம்பிங் 64 விழுக்காடு, ஆனால் நிமிடத்துக்கு 70 துடிப்பில் ஓடுவது 3,360 மில்லிதான். இரண்டாவது, பழைய மாரடைப்புக்குப் பிறகு தளர்ந்து பெரிதாகிப்போன இதயம். அதில் 230 மில்லி நிரம்புகிறது. 69 மில்லி வெளியேறுகிறது. பம்பிங் 30 விழுக்காடு. ஓடும் இரத்தமோ 4,830 மில்லி, நலமான இதயத்துக்கு நிகர். இரண்டாவது இதயம் நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. விரிந்த சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் தாங்க வேண்டிய இழுவிசை மிக அதிகம். அதற்கான விலையைத் தசை நாளடைவில் கொடுக்கிறது. ஆனால் ஓய்வில் அந்த மனிதர் உட்கார்ந்து பேசுகிறார், சாப்பிடுகிறார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய இதயம் கூடுதலாக நிரப்பிக்கொள்வதுதான்.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.8 வினாடி. இதில் கீழறை சுருங்கியிருப்பது சுமார் 0.3 வினாடி, மீதி 0.5 வினாடியும் தளர்வதற்கும் நிரம்புவதற்கும் உரிய நேரம். கீழறையின் அழுத்தம் மேலறையின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கிய நொடியில், இரண்டுக்கும் நடுவே கதவு போல இருக்கும் மைட்ரல் வால்வு திறந்து, இரத்தம் விரைந்து பாய்கிறது. நலமான இதயத்தில் மொத்த நிரப்பலில் பெரும்பங்கு, ஏறத்தாழ முக்கால் பங்கு, இந்த முதல் பாய்ச்சலிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு சிறிது நேரம் அமைதி. கடைசியில் மேலறை சுருங்கி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல உள்ளே தள்ளுகிறது. இந்த இரண்டு பாய்ச்சல்களையும், இரத்தம் பாயும் வேகத்தை எக்கோவில் வரைந்து காட்டும் டாப்ளர் திரையில், இரண்டு சிகரங்களாகப் பார்க்கலாம். முதலாவதை 'ஈ' அலை என்றும், இரண்டாவதை 'ஏ' அலை என்றும் அழைக்கிறோம். இருபது வயதுக்காரருக்கு முதல் சிகரம் உயர்ந்தும் இரண்டாவது குட்டையாகவும் இருக்கும். வயது ஏற ஏற முதலாவது தாழ்ந்து, இரண்டாவது உயரும். அறுபதைத் தாண்டிய பலருக்கு மேலறையின் உதவி கணிசமாகத் தேவைப்படுகிறது என்பதை அந்த இரண்டு சிகரங்களின் உயரத்திலேயே படித்துவிடலாம்.

தளர்வது என்றால் தசை சும்மா கிடப்பது என்று பலரும் எண்ணுகிறார்கள். மருத்துவம் படிப்பவர்கள்கூடத் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். உண்மையில் தளர்வு ஆற்றலைச் செலவழித்துச் செய்யும் வேலை. சுருங்குவதற்காகத் தசைச் செல்லுக்குள் வெளியிடப்பட்ட கால்சியத்தை, உள்ளே இருக்கும் நுண்ணிய சேமிப்பறைகளுக்குத் திரும்ப இறைத்துச் சேர்க்க வேண்டும், அதற்கு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது. ஒன்றோடொன்று பற்றிக்கொண்ட மயோசின் இழையும் ஆக்டின் இழையும் பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும். உயிர் பிரிந்த பின் உடல் விறைத்துப்போவது இதனால்தான்: ஏ.டி.பி. தீர்ந்துவிட்டதால் இழைகளால் பிடியை விட முடிவதில்லை. இதயத் தசைக்கு வரும் இரத்தம் குறையும்போதும் முதலில் கெடுவது தளர்வு. சுருக்கம் அதற்குப் பிறகுதான் குறைகிறது. நலமான கீழறை சுருங்கும்போது, தசை நாருக்குள் இருக்கும் டைட்டின் என்னும் பெரும்புரதம் அழுத்தப்பட்டு, தளரும்போது எதிர்த்து விரிகிறது. அந்த விரிவு இரத்தத்தை உள்ளே உறிஞ்சுகிறது. அதாவது கீழறை தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானும் இழுத்துக்கொள்கிறது.

இந்த இழுப்பு குறைந்து, சுவரும் விறைத்துப்போனால் என்ன நடக்கும் என்பதை எக்கோ அறையில் அடிக்கடி பார்க்கிறேன். எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, கோவைப் பக்கத்துக் கிராமத்துக்காரர், நீண்ட காலமாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர். பரிசோதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பம்பிங் நல்லா இருக்குதுங்களா கண்ணு?"

"நல்லா இருக்குதுங்கம்மா. அறுபத்திரண்டு."

"அப்புறம் ஏங் கண்ணு நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது? வீட்ல ஆரும் நம்ப மாட்டேங்கறாங்க."

அவர் சொன்னது முழுக்க உண்மை. சுவர் 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. இடது மேலறை விரிந்திருந்தது. நலமான கீழறை 120 மில்லியை வாங்கிக்கொள்ளும்போது உள்ளழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசம் அளவில்தான் இருக்கும். விறைத்த கீழறை அதே அளவை வாங்க 20-க்கும் மேல் அழுத்தம் தேவைப்படலாம். மைட்ரல் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் கீழறையும் மேலறையும் நுரையீரல் சிரைகளும் ஒரே வழித்தடம். ஆகவே அந்த அழுத்தம் அப்படியே பின்னோக்கிச் சென்று நுரையீரலின் நுண்குழாய்களில் ஏறுகிறது. உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. படி ஏறும்போது கால்களிலிருந்து கூடுதல் இரத்தம் திரும்பி வருகிறது, துடிப்பு வேகமாகிறது, நிரம்பும் நேரம் குறைகிறது. வாங்க முடியாத இதயத்திடம் இன்னும் விரைவாக வாங்கச் சொல்லும் நிலை. அழுத்தம் ஏறி நுரையீரல் ஈரமாகி மூச்சு வாங்குகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு பம்பிங் அளவு நன்றாகவே இருக்கிறது என்பது இன்று மருத்துவர்கள் அனைவரும் அறிந்த உண்மை. வீட்டில் இருப்பவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். "ரிப்போர்ட் நார்மல், வயசாயிருச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி அந்த மூச்சிரைப்பைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள்.

அப்படித் தள்ளிவைக்கும் முன் அதே அறிக்கையில் வேறு சில வரிகளைப் படிக்கச் சொல்வேன். இடது மேலறையின் கொள்ளளவு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 34 மில்லிக்கு மேல் இருக்கிறதா? 'ஈ' அலையின் வேகத்தை வால்வு வளையத்தின் தசை நகரும் வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் 14-ஐத் தாண்டுகிறதா? வலது பக்கத்து டிரைகஸ்பிட் வால்வில் கசியும் இரத்தத்தின் வேகம் வினாடிக்கு 2.8 மீட்டருக்கு மேல் இருக்கிறதா? இவை சேர்ந்து உயர்ந்திருந்தால், இதயம் நிரம்புவதற்குச் சிரமப்படுகிறது என்று பொருள். உப்பைக் குறைப்பதும், சிறுநீர் பெருக்கும் மருந்தும், இரத்த அழுத்தத்தை ஒழுங்காக வைப்பதும் இவர்களுக்குக் கைகொடுக்கின்றன. சர்க்கரை நோய்க்காக வந்த எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இந்த வகைச் செயலிழப்பில் பயன் தருகிறது என்பது 2021-இல் உறுதியானது.

நிரம்பும் அளவே தள்ளும் வலிமையையும் தீர்மானிக்கிறது என்ற அடிப்படை உண்மை நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1895-இல் ஒட்டோ ஃபிராங்க், மியூனிக் நகரில், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, துடிக்கும் முன் அதில் எவ்வளவு நிரப்புகிறோமோ அதற்கேற்ப அது எழுப்பும் அழுத்தமும் கூடுகிறது என்று காட்டினார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் உடன் பணிபுரிந்த பாட்டர்சன், பைப்பர் ஆகியோரும் 1914-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதை நாயின் இதயத்தில் முழுமையாக்கின. அவர்களுடைய ஏற்பாடு இன்றும் என்னை வியக்க வைக்கிறது. இதயமும் நுரையீரலும் மட்டும் இயங்கும். பெருந்தமனியிலிருந்து வெளிவரும் இரத்தம் குழாய்கள் வழியாக, எதிர்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு தடையைத் தாண்டி, சூடாக வைக்கப்பட்ட ஒரு கலத்துக்கு வரும். அங்கிருந்து மீண்டும் வலது மேலறைக்குள் இறங்கும். கீழறைகளைச் சுற்றிப் பொருத்திய ஒரு கருவி ஒவ்வொரு துடிப்பிலும் அவற்றின் கொள்ளளவைப் பதிவு செய்யும்.

கலத்திலிருந்து வரும் இரத்தத்தைக் கூட்டினால், இதயம் முதலில் சற்றுப் பெரிதாகி, அடுத்தடுத்த துடிப்புகளில் வந்ததையெல்லாம் வெளியேற்றியது. துடிப்பு வேகம் மாறவில்லை. கட்டளையிட மூளையும் இல்லை. வெளியேறும் வழியின் எதிர்ப்பைக் கூட்டியபோது நடந்தது இன்னும் அழகானது. முதல் சில துடிப்புகளில் குறைவாக வெளியேறி, மிச்சம் உள்ளே தங்கியது. தங்கியதன் மேல் புதிதாக வந்தது சேர்ந்து அறை விரிந்தது. விரிந்த தசை முன்னிலும் வலுவாகச் சுருங்கி, உயர்ந்த எதிர்ப்பையும் மீறிப் பழைய அளவையே வெளியேற்றியது. சுருங்கும் ஆற்றல் தசை நாரின் நீளத்தைப் பொறுத்தது என்று ஸ்டார்லிங் இதைச் சுருக்கினார். 1915-இல் கேம்பிரிட்ஜில் அவர் இதுபற்றி ஆற்றிய சொற்பொழிவு 1918-இல் அச்சானது. நாரை இழுத்தால் ஏன் வலுக்கூடுகிறது என்ற கேள்விக்கு, இழைகள் ஒன்றன்மீது ஒன்று படியும் பரப்பு சரியான அளவுக்கு வருவதால் என்று முதலில் விடை சொன்னார்கள். அது ஒரு பகுதிதான். இழுக்கப்பட்ட நார், அதே அளவு கால்சியத்துக்கு முன்னிலும் கூர்மையாகப் பதில் கொடுக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது.

இந்த விதியின் அருமை எனக்கு முழுதாகப் பிடிபட்டது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தபோது. வலது கீழறை நுரையீரலுக்கும், இடது கீழறை உடலுக்கும் அனுப்புகின்றன. வலது பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் இடது பக்கத்தைவிட ஒரே ஒரு மில்லி கூடுதலாகத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 70 மில்லி. ஒரு மணி நேரத்தில் 4,200 மில்லி. உடலில் இருப்பதே ஐந்து லிட்டர் அளவுதான் என்பதால், ஒரு மணி நேரம் முடிவதற்குள் நுரையீரல் நிரம்பி மூழ்கிவிடும். அப்படி நடப்பதில்லை, எழுபது எண்பது ஆண்டுகள் இரண்டு பக்கமும் சராசரியில் ஒரு துளி பிசகாமல் ஒத்துப்போகின்றன. இதற்கென மேற்பார்வை செய்யும் நரம்பு மையம் எதுவும் இல்லை. வலது பக்கம் கூடுதலாக அனுப்பினால் இடது பக்கம் கூடுதலாக நிரம்புகிறது, நிரம்பியதால் வலுவாகச் சுருங்குகிறது, கூடுதலை அடுத்த சில துடிப்புகளில் அனுப்பிவிடுகிறது. மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் வலது பக்கத்துக்கு இரத்தம் சற்றுக் கூடுதலாக வருகிறது என்பதால், இந்தச் சரிக்கட்டல் நாம் தூங்கும்போதும் ஒவ்வொரு மூச்சிலும் நடந்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் எவ்வளவு வர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியை முன்னால் கொண்டுவந்தவர் ஆர்தர் கைடன். அமெரிக்காவில் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அவர், 1946-இல் போலியோவால் தாக்கப்பட்டு, உடலியங்கியல் ஆய்வுக்குத் திரும்பியவர். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் 1950-களில் அவர் செய்த ஆய்வுகள், இதயத்திலிருந்து பார்வையைத் திருப்பிச் சிரைகளின் மேல் பதித்தன. உடலின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. இதயத்தை ஒரு கணம் நிறுத்தி, இரத்தக் குழாய்களில் அழுத்தம் எங்கும் ஒன்றாகும்வரை காத்திருந்தால், அந்த அழுத்தம் சுமார் 7 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். வலது மேலறையின் அழுத்தம் ஏறக்குறைய சுழியம். இந்த 7 மில்லிமீட்டர் வேறுபாடுதான் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. இதயம் இன்னும் வேகமாக வேலை செய்து மேலறையின் அழுத்தத்தைச் சுழியத்துக்கு வெகுவாகக் கீழே கொண்டுபோனால், மார்புக்குள் நுழையும் இடத்தில் பெருஞ்சிரைகளின் சுவர் ஒட்டிக்கொள்கிறது. அதற்குமேல் வரத்து கூடாது. கிணற்றில் ஊற்று எவ்வளவோ அவ்வளவுதான் மோட்டார் இறைக்கும். பெரிய மோட்டார் வைத்தால் ஊற்று பெருகிவிடாது.

படுத்து ஓய்வெடுக்கும் ஒருவரின் இதயத்தைப் பேஸ்மேக்கரால் 70-இலிருந்து 110-க்கு முடுக்கினால், வெளியேறும் மொத்த இரத்தம் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுவது குறைந்துவிடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தம் இறங்கிய நோயாளிக்கு சலைன் ஏற்றலாமா என்று ஐயம் வரும்போது, கால்கள் இரண்டையும் 45 பாகை உயர்த்திப் பார்க்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. கால்களிலும் வயிற்றிலும் தங்கிய சுமார் 300 மில்லி இரத்தம் இதயத்தை நோக்கி இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் பெருந்தமனியில் பாயும் இரத்தம் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடினால், இந்த இதயத்தில் இன்னும் நிரம்ப இடமிருக்கிறது, சலைன் பயன்படும் என்று அறியலாம். கூடாவிட்டால், ஏற்றும் சலைன் நுரையீரலில்தான் போய்ச் சேரும். காலைக் கீழே இறக்கினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்; நோயாளிக்கு ஒரு துளிகூட உள்ளே போயிருக்காது. எளிமையில் இதற்கு இணையான பரிசோதனை மருத்துவத்தில் அதிகம் இல்லை.

ஓடும்போது இதே ஏற்பாடு வேறு வேகத்தில் நடக்கிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. ஆழ்ந்த மூச்சு அதை மார்புக்குள் இழுக்கிறது. நரம்புகள் சிரைகளை இறுக்குகின்றன. இவை வரத்தைக் கூட்டுவதால்தான், நிமிடத்துக்கு 180 முறை துடிக்கும் இதயத்தால் 20 லிட்டர் தள்ள முடிகிறது. நெடுந்தூர ஓட்டத்தில் தேர்ந்த வீரர்களுக்கு அது 35 லிட்டரைக்கூடத் தொடும். 1964-இல் வெளியான ஓர் ஆய்வில், டொனால்டும் ஷெப்பர்டும் பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்டு நாய்களின் இதய நரம்புகளைத் துண்டித்துவிட்டு அவற்றை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவை ஏறக்குறைய முன்பு ஓடிய வேகத்திலேயே ஓடின. துடிப்பு மெதுவாகத்தான் ஏறியது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக நிரம்பி, கூடுதலாகத் தள்ளி இதயம் ஈடுகட்டியது. இரத்தத்தில் கலந்து வரும் அட்ரினலின் வகைப் பொருள்களின் செயலையும் மருந்தால் தடுத்த பிறகே அந்த நாய்கள் பின்தங்கின. இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் நடக்கத் தொடங்கும்போதும் இதுவே நிகழ்கிறது: புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு இல்லாததால் முதல் சில நிமிடங்களில் நாடி அசையாது, ஆனால் திரும்பி வரும் இரத்தம் இதயத்தை விரித்து அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது.

வரத்தே வற்றிப்போகும் நிலைக்கு நம் ஊரில் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு டெங்கு. மழைக்காலத்தில் குழந்தைகள் பிரிவில் பெற்றோர்கள் ஒவ்வொருவரும் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கையில் எழுதிவைத்துக்கொண்டு அலைவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்மையான ஆபத்து இரத்தக் கசிவில் இல்லை. நுண்குழாய்களின் சுவர் ஓரிரு நாட்களுக்கு ஓட்டை விட்டு, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் வெளியேறிவிடுகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்த நாளில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. குழந்தையின் இதயத் தசை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எக்கோ எடுத்தால் பம்பிங் நன்றாக இருக்கும், ஆனால் கீழறையின் எதிரெதிர்ச் சுவர்கள் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒன்றையொன்று தொட்டுவிடும் அளவுக்கு உள்ளே வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் சிறிதளவே வெளியேறுவதால், மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. 100-க்கு 85 என்று அழுத்தம் இருந்தால், நூறு இருக்கிறதே என்று ஆறுதல் அடையக் கூடாது. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் குழந்தை 'ஷாக்' என்னும், உறுப்புகளுக்கு இரத்தம் போதாத அதிர்ச்சி நிலையில் இருக்கிறது. நாடி விரைந்து ஓடும், உள்ளங்கையும் பாதமும் சில்லிட்டிருக்கும், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. அளவு ஏறிக்கொண்டே போகும். இந்த நேரத்தில் குழந்தைக்குத் தேவைப்படுவது கணக்காக ஏற்றப்படும் சலைன். அதே அளவு முக்கியம், அதை நிறுத்தும் நேரம்: ஒன்றிரண்டு நாட்களில் ஓட்டை அடைபட்டு, வெளியேறிய நீர் தானாகவே இரத்தத்துக்குத் திரும்பும்போது, சலைனும் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் பாதிப்பது, வரத்தும் இருந்து, தசையும் நன்றாக இருந்து, நடுவில் இருக்கும் கதவு சுருங்கிப்போகும் நோய். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைத் தாக்கி, ஆண்டுகள் போகப்போக அதன் இதழ்களை ஓரங்களில் ஒட்டவைத்துவிடுகிறது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வழி ஒரு சதுர சென்டிமீட்டராகக் குறுகுகிறது. இந்தியாவில் இருபது வயதைத் தொடுவதற்கு முன்பே இந்த நிலைக்கு வந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். டாப்ளர் திரையில் இவர்களுடைய 'ஈ' அலை உயர்ந்து எழும், ஆனால் உடனே இறங்காது. சரிவு நீண்டு, அடுத்த துடிப்பு வரும்வரை தாழாமல் நிற்கும். அழுத்த வேறுபாடு பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அந்தச் சரிவில் அளந்து, 220-ஐ அதனால் வகுத்தால் வால்வின் பரப்பு கிடைக்கும். 220 மில்லி வினாடி எடுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டர்.

இந்த இதயத்துக்கு நேரம்தான் உயிர். நிமிடத்துக்கு 70 துடிப்பில், ஒரு நிமிடத்தில் மொத்தம் சுமார் 37 வினாடி வால்வு திறந்து நிரம்பக் கிடைக்கிறது. 140 துடிப்பில் அது 27 வினாடி போலக் குறைந்துவிடும். அதே ஐந்து லிட்டர் குறைந்த நேரத்தில் குறுகிய வழியே போக வேண்டுமென்றால் பாயும் வேகம் கூட வேண்டும். வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் அழுத்த வேறுபாடு நான்கு மடங்காகும். மேலறையின் அழுத்தம் 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் நுரையீரலில் நீர் கசியத் தொடங்கும். ஆகவேதான், நோய் இருப்பதே தெரியாமல் திருமணமாகிக் கருவுறும் பெண்கள் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் திடீரென மூச்சுத் திணறி வருகிறார்கள். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது. நாடியும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை உயர்கிறது. கூடுதல் வரத்து, குறைந்த நேரம், சுருங்கிய கதவு. மேலறை ஒழுங்கின்றித் துடிக்கத் தொடங்கிவிட்டால், கடைசித் தள்ளலும் போய்விடும்.

மூச்சுத் திணறுபவருக்கு நாடித் துடிப்பைக் குறைக்கும் மருந்து கொடுப்பது பார்ப்பவர்களுக்கு முரணாகத் தோன்றும். மெட்டோபுரோலால் போன்ற மருந்தால் நாடி 120-இலிருந்து 75-க்கு இறங்கும்போது, நிரம்பும் நேரம் திரும்பக் கிடைத்து, மேலறையின் அழுத்தம் இறங்கி, அவர் படுத்துத் தூங்க முடிகிறது. பிரசவம் முடிந்த உடனே விழிப்பாக இருக்க வேண்டும்: கருப்பை சுருங்கியதும் அதிலிருந்து 300 முதல் 500 மில்லி இரத்தம் ஒரேயடியாக உடலின் ஓட்டத்தில் சேர்கிறது, முதல் ஒரு நாள் முழுவதும் நுரையீரலில் எந்நேரமும் நீர் கோக்கலாம்.

கதவைத் திறந்துவிடும் வழியை நம் மண்ணில் பெருமளவில் செய்து காட்டியவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள். நெஞ்சைத் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் விரலையும் விரிக்கும் கருவியையும் செலுத்தி ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் அறுவையை அங்கே 3,724 பேருக்குச் செய்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த விவரங்களை ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் 1983-இல் வெளியிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ஜப்பானின் கான்ஜி இனோவே, தொடையின் சிரை வழியே பலூனைக் கொண்டுபோய் வால்வை விரிக்கும் முறையை வெளியிட்டார். இன்று பெரும்பாலானவர்களுக்கு, தேவைப்பட்டால் கர்ப்பிணிகளுக்கும், அதுவே செய்யப்படுகிறது. பலூன் விரிந்து சுருங்கிய சில நொடிகளில் மேலறையின் அழுத்தம் இறங்குவதைத் திரையில் காணலாம். கீழறைத் தசையில் யாரும் கை வைக்கவில்லை. அது முன்பிருந்த அதே வலுவோடுதான் சுருங்குகிறது, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னிலும் கூடுதலாகத் தள்ளுகிறது. ரூமாட்டிக் காய்ச்சல் மறுபடி வந்தால் இதழ்கள் மேலும் சிதையக்கூடும் என்பதால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் காலம்வரை பலூன் சிகிச்சைக்குப் பிறகும் தொடர வேண்டும்.